சத்தமும் சகிப்பும்

சாலைச் சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்கிறார்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களை நினைத்துப் பார்த்து, வீட்டில் இருக்கும்போது வண்டிகளின் சத்தம் எவ்வளவு தூரம் உபத்திரவமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம்கூட இல்லை என்பது முதற்படி. மிக மிக அதிகம் என்பது கடைசிப்படி. எந்த நாட்டில் கேட்டாலும் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும், படிகளின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக 2001-ல் ஒன்பது மொழிகளில் வார்த்தைகளை எடைபோட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம், துருக்கி எல்லாம் அதில் உண்டு. தமிழ் இல்லை, இந்திய மொழி எதுவுமே இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது சுவாரஸ்யமான சிக்கல், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது? 'எரிச்சல்' என்று போட்டால், அது சத்தத்தின் மேல் வருவதல்ல. சத்தம் போடுகிறவன் மேல் வருவது. 'தொந்தரவு' மரியாதைக்காரர்களின் வார்த்தை. விருந்துக்கு வந்தவர்கூட "உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்று சொல்லித்தான் விடைபெறுகிறார். 'தொல்லை'யில் நெடுநாள் சலிப்பு ஒன்று இருக்கிறது. 'இம்சை' என்றால் கொஞ்சம் நாடகம் சேர்ந்துவிடுகிறது. 'ரோதனை', 'சள்ளை', 'கரைச்சல்' என்று ஊருக்கு ஊர் வேறு இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரே ஆளிடம், எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்கிறோமோ அதற்குத் தகுந்த பதில்தான் வரும்.

வார்த்தை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரதான சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் வாசலில், காகிதமும் பேனாவுமாக முன்பின் தெரியாத ஒருவர் நின்று இந்தக் கேள்வியைக் கேட்கிறார். வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பழகிப் போச்சு. உள்ளே வாங்க, காபி சாப்பிடறீங்களா?" என்பார். அந்நியரிடம் தன் கஷ்டத்தை முதல் வார்த்தையிலேயே கொட்டுவது நம்மவர்களுக்கு நாகரிகம் இல்லை. எழுதுகிறவர் முதற்படியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு, வீட்டுக்காரர் தம் மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை குரலை உயர்த்துவார். அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

இருந்தாலும் விஞ்ஞானிகள் கணக்குப் போடத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் தியோடர் ஷுல்ட்ஸ் என்பவர் 1978-ல் பல நாட்டு விசாரணைகளை ஒன்றாகத் திரட்டி, சத்தம் இவ்வளவு டெசிபல் என்றால் கடுமையாக அவதிப்படுகிறவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஒரு வளைகோடு வரைந்தார். டெசிபல் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்காகிறது, ஆனால் காது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றுதான் சொல்கிறது. அது கிடக்கட்டும். ஷுல்ட்ஸின் கோடு அழகாக மேலே ஏறிப் போகிறது. ஆனால் அந்தக் கோட்டுக்கு ஆதாரமான புள்ளிகள் அதன்மேல் உட்காராமல், விரட்டிவிட்ட கோழிகளைப் போல இரு புறமும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே டெசிபலுக்கு ஓர் ஊரில் சிலர்தான் முகம் சுளிக்கிறார்கள். இன்னோர் ஊரில் பாதிப்பேர் கொதிக்கிறார்கள்.

இந்தச் சிதறலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. சான்ஃபோர்ட் ஃபிடெல் முதலானவர்கள் 2011-லும் 2012-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஊரில் பாதிப்பேர் கடுமையாக அவதிப்படுகிறோம் என்று சொல்லும் சத்த அளவு எதுவோ, அதுவே அந்த ஊரின் எண். சராசரி, விமானச் சத்தத்துக்கு 73.3 டெசிபல், சாலைச் சத்தத்துக்கு 78.3. அதாவது ஜனங்கள் விமானத்தைவிடச் சாலையை ஐந்து டெசிபல் அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு ஊர் வித்தியாசமோ பத்து டெசிபலுக்கும் மேல் போகிறது. இந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'சமூகத்தின் சகிப்பு அளவு' என்று வரும்.

அந்தப் பெயரில்தான் எனக்குச் சங்கடம். சகிப்பு, பொறுமை என்பவை நம் காதில் எண்களாக விழுவதில்லை, குணங்களாக விழுகின்றன. பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்லிப் பழகியவர்கள் நாம். ஓர் ஊருக்கு அதிகமான எண் வந்தால், அந்த ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள், அங்கே இன்னொரு பாதை போடலாம் என்று படிக்கத் தோன்றுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஓர் எண்ணைப் பெற்றெடுத்தவர்களே அதைக் கடைசிவரை வளர்ப்பதில்லை. அது ஆபீஸ்களுக்குப் போய் உத்தியோகஸ்தர்களின் கையில் வளர்கிறது. பதிலுக்கு ஏதாவது செய்யச் சக்தி உள்ளவன் செய்யாமல் இருந்தால் அது பொறுமை. சக்தியே இல்லாதவன் சும்மா இருப்பதற்கும் அதே பெயரை வைப்பது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

இந்த எண் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஸ்வீடனில் 1960-களில் ஒரு பரிசோதனை நடந்தது. விமானப் படைத் தளத்துக்கு அருகே இருந்த வீட்டுக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு, அந்த நாட்டு விமானப் படையின் பெருமையைச் சொல்லும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு விசாரித்தபோது, புத்தகம் பெற்றவர்கள் சத்தத்தைப் பற்றிக் குறைவாகவே குறைப்பட்டுக்கொண்டார்கள். விமானங்கள் என்னவோ முன்போலத்தான் பறந்தன. எழுத்தின் வலிமைக்கு இது நல்ல அத்தாட்சிதான். எழுத்தாளன் என்ற முறையில் நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது வேறு: இயந்திரத்தின் சத்தத்தைக் குறைப்பதைவிடப் புத்தகம் அச்சடிப்பது எவ்வளவு மலிவு!

நம் தெருவிலும் இதைத் தினம் பார்க்கலாம். மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியைக் காதால் அல்லாமல் பக்தியால் கேட்கிறவர் ஒருவர்; போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பல்லைக் கடிக்கிறவர் அடுத்த வீட்டுக்காரர். பெண் கல்யாணத்துக்குத் தவில் வாசித்தால் மங்களம். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வாசித்தால் தலைவலி. சாலைச் சத்தத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. அதற்குச் சொந்தக்காரன் இல்லை. ஹாரன் அடித்தவன், நாம் ஜன்னலைத் திறந்து பார்ப்பதற்குள் இரண்டு தெரு தாண்டியிருப்பான்.

இன்னொரு பரிசோதனை இதைவிட ஆழமானது. டேவிட் க்ளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு மனத்தத்துவ நிபுணர்கள் அமெரிக்காவில் சில பேரை உட்கார வைத்து, ஆபீஸ் இயந்திரங்களும் புரியாத பாஷைப் பேச்சும் கலந்த கடூரமான சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது; அதை அமுக்கினால் சத்தம் நின்றுவிடும், கூடியவரை அமுக்காமல் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். அவர்களும் அமுக்கவில்லை. ஆகவே எல்லோரும் கேட்டது ஒரே சத்தத்தைத்தான். பிறகு எல்லோருக்கும் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றுகொண்டிருந்தார்கள். 1972-ல் இவர்கள் இதைப் புத்தகமாக எழுதினார்கள்.

உபயோகிக்காத பொத்தான் அது. ஆனாலும் இருந்தது. ஒரு தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு நகராட்சியில் ஒரு குரல் இருக்கிறது, எழுதிப் போட்டால் பதில் வரும் என்றால், அவர்கள் எழுதிப் போடாவிட்டாலும்கூட அது அவர்கள் மடியில் இருக்கும் பொத்தான். இன்னொரு தெருவுக்கு அது இல்லை. இரண்டு தெருவிலும் கருவியை வைத்து அளந்தால் டெசிபல் ஒன்றாகவே இருக்கும். மனு வருவது முதல் தெருவிலிருந்து. அதனால் அங்கே இருப்பவர்கள் மெல்லிய காதுக்காரர்கள் என்றும், இரண்டாவது தெருக்காரர்கள் கெட்டியானவர்கள் என்றும் ஊர் நினைத்துக்கொள்கிறது. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணிக்கயிறு ஒரு பசுவின் வாய்க்கு எட்டும்படி தொங்கியது. எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, யாரும் இழுக்கவில்லை, ஆகவே ராஜ்யத்தில் குறையில்லை என்று அவன் இருந்திருந்தால், அந்தக் கதையை நாம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

வண்டி ஓட்டுகிறவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹாரன் என்பது அபாயம் வந்தால் தவிர்ப்பதற்கு மட்டும் என்று 1968-ல் வியன்னாவில் உருவான சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. ஊருக்கு வெளியே, முந்திப் போகும்போது மட்டும் அறிவிப்பாக அடிக்கலாம். நம் சாலையில் ஹாரன் ஒரு பாஷை. 'நான் வருகிறேன்' என்று ஓர் அடி. 'கவனித்தாயா' என்று இரண்டு அடி. 'போனால் போ' என்று ஒரு நீட்டல். லாரியின் முதுகிலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கேட்ட டிரைவர் ஒருவர், "ஹாரன் இல்லாம பஸ் ஓட்டச் சொன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறாப்பல ஸார்" என்றார். நடைபாதை இல்லாததால் நடக்கிறவன் சாலையில் நடக்கிறான். சைக்கிள்காரனும் தள்ளுவண்டிக்காரனும் மாடும் அதே சாலையில். நகராட்சி போடாத நடைபாதையை டிரைவர் ஹாரனால் போட்டுக்கொண்டு போகிறார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போது பின்னாலிருந்து அடிக்கிறாரே, அதற்கு இந்த நியாயம் எதுவும் செல்லாது. பம்பாயில் 2020-ன் தொடக்கத்தில் போலீஸார் இதற்கு ஒரு தந்திரம் செய்து காட்டினார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணத் தொடங்கும். சத்தம் போட்டவனுக்கே அதன் விலை.

அகநானூற்றின் நான்காவது பாட்டில் ஒரு தேர் வருகிறது. பாடியவர் குறுங்குடி மருதனார். கார்காலம் வந்துவிட்டது, தலைவன் சொன்ன பருவம் அதுதான், வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். அவசரப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கு உண்டு? ஆனால் அவன், பூத்த சோலையில் தன் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சி, தேர்மணிகள் ஒலிக்காதபடி அவற்றின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டி வருகிறானாம். இதைக் காதல் நயத்துக்காக எல்லோரும் ரசிக்கிறார்கள்; நானும் ரசிக்கிறேன். ஆனால் இன்னொன்றும் கவனிக்கத் தகுந்தது. அந்த வண்டுகள் அவனிடம் முறையிடவில்லை. அவற்றின் சகிப்பு அளவு என்ன என்று அவன் விசாரிக்கவும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு நேரத்தில் குடியிருப்புகளிலும், ஆஸ்பத்திரி முதலியவை உள்ள அமைதிப் பகுதிகளில் எப்போதுமே, பொது ஆபத்து வந்தாலொழிய ஹாரன் கூடாது. யாராவது புகார் செய்தால்தான் குற்றம் என்று அதில் இல்லை. 2011-ல் சென்னை உட்பட ஏழு நகரங்களில் இரவும் பகலும் சத்தத்தை அளக்கக் கருவிகள் வைத்தார்கள். கருவிக்கு நாகரிகம் தெரியாது. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் உள்ளதைச் சொல்லிவிடும். ஆனால் அதன் பக்கத்திலேயே நடைபாதையில் படுத்திருக்கிற குடும்பத்தை யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும், 'வீட்டில் இருக்கும்போது' என்ற வார்த்தையிலேயே கேள்வி தடுக்கி விழுந்துவிடும். சத்தத்துக்கு ஓர் உள்ளும் வெளியும் வேண்டும். கண்ணாடி ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்கிறவருக்கு அது இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுங்கிச் சாகிறவருக்குப் பாதிதான் இருக்கிறது.

'பழகிப் போச்சு' என்பது பொய்யா என்றால், பொய் இல்லை. மனிதன் பழகத்தான் செய்கிறான். பழகுவதற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதுதான் விஷயம். நியூயார்க் நகரத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் பெரும் பாதையின் மேலேயே 1960-களில் நான்கு கட்டடங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 32 மாடி. கீழே ஓயாமல் கார்கள். கீழ் மாடிகளில் சத்தம் அதிகம். மேலே போகப் போகக் குறைவு. ஷெல்டன் கோஹன் என்பவர், மேலே சொன்ன க்ளாஸ், சிங்கர் இருவரோடு சேர்ந்து அங்கே இருந்த பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1973-ல் எழுதினார். கீழ் மாடிப் பிள்ளைகளுக்கு, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக் கேட்பது சிரமமாக இருந்தது, வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால் 'மலை'யும் 'மழை'யும் ஒன்றாக விழுவது போல. (சத்தமே இல்லாத ஊரிலும் நம்மவர்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் விழுகிறது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள்; அது வேறு கதை.)

அந்த ஆராய்ச்சியில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் ஒன்று உண்டு. புதிதாகக் குடிவந்த பிள்ளைகளிடம் இந்தக் குறை தெளிவாகத் தெரியவில்லை. நான்கு வருஷமும் அதற்கு மேலும் இருந்த பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. அதாவது, யாரைக் கேட்டால் 'பழகிவிட்டது' என்று சொல்லுமோ அந்தப் பிள்ளை. சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கக் குழந்தை கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டபோது, காதில் போட்டுக்கொள்ள வேண்டிய பேச்சையும் சேர்த்து ஒதுக்கிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். கட்டடத்தில் யாரும் அழவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. ஒரு குழந்தை பாடப் புத்தகத்தில் இரண்டு வரி பின்னால் இருந்தது, அவ்வளவுதான். அதற்குக் காரணம் கீழே ஓடும் கார் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? பையன் மந்தம் என்றுதான் நினைத்திருப்பாள்.

பெரியவர்கள் விஷயமும் இதுதான். வருஷக்கணக்காக ஒரே சாலையோரத்தில் படுத்து உறங்குகிறவர், லாரி போனால் விழிப்பதில்லை. ஆனால் அவருடைய இதயம் அப்போதும் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு அடங்குகிறது. மனம் பழகிய அளவுக்கு உடம்பு பழகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காகச் செய்த சிபாரிசில், சாலைச் சத்தம் நாள் முழுவதற்குமான கணக்கில் 53 டெசிபலுக்கும் இரவில் 45-க்கும் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஜனங்கள் சராசரியாகச் சகிக்கும் 78.3-க்கும் இந்த 53-க்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பாதிப்பேர் வாய் திறப்பதற்குள் தீங்கு வெகு நேரம் நடந்து முடிந்திருக்கிறது.

பொறுமைசாலிகள் என்று பெயர் வாங்கிய ஜனங்களில் ஜப்பானியர் முதல் வரிசை. ஓஸாகாவுக்கும் கோபேக்கும் நடுவே 43-ஆம் எண் தேசியப் பாதை போகிறது. அதன் தலைக்கு மேலே தூண்களின் மேல் இன்னொரு விரைவுப் பாதை. இரண்டு அடுக்கு லாரிச் சத்தத்திலும் புகையிலும் இருந்த வீட்டுக்காரர்கள் 1976-ல் அரசாங்கத்தின் மீதும் விரைவுப் பாதைக் கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். பாதை நாட்டுக்குத் தேவை, பொதுநலத்துக்காகச் சிலர் சிரமப்படத்தான் வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எந்த ஊரிலும் அதுதானே வாதம். வழக்கு 19 வருஷம் நடந்தது.

உச்ச நீதிமன்றம் 1995 ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாதையால் இந்த வீட்டுக்காரர்களுக்கும் லாபம் உண்டுதான். ஆனால் அவர்கள் படும் கஷ்டம் கூடக்கூட அவர்களுக்குக் கிடைக்கும் லாபமும் கூடுகிறதா என்று நீதிபதிகள் பார்த்தார்கள். கூடவில்லை. கஷ்டம் இவர்களுக்கு, சௌகரியம் எங்கேயோ போகிறவர்களுக்கு என்ற கணக்கைப் பொதுநலம் என்ற ஒரு வார்த்தையால் நேர் செய்துவிட முடியாது என்று நஷ்ட ஈட்டை உறுதி செய்தார்கள். ஆனால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. பணம் உண்டு; அமைதி இல்லை.

தீர்ப்பு வந்தபோது மேலே இருந்த விரைவுப் பாதையில் வண்டிகள் ஓடவில்லை. அந்த வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி கோபேயில் வந்த பூகம்பத்தில், தூண்கள் முறிந்து அறுநூறு மீட்டருக்கு மேல் அந்தப் பாதை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்திருந்தது. அதைச் சீர் செய்து, 1996 செப்டம்பரில் மறுபடியும் திறந்தார்கள்.